குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. போதிய உறுப்பினர்கள் வராததால் இரண்டு முறை கலைந்தது. குடியரசு நாள் கொடியேற்றமும் பொங்கல் கோலப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது.

கேமரா விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தெருவின் எட்டு கேமராக்களுக்கான ரெக்கார்டர் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. யார் வண்டி காணாமல் போனாலும், நள்ளிரவானாலும், என் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் அவரவர் கைபேசியிலேயே பார்க்கும்படி அதை இணையத்தோடு இணைத்தேன். அரை நாள் வேலையை மூன்று வாரம் இழுத்தேன் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது.

கேமரா பொருத்திய ஆள் ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து ரெக்கார்டருக்கு வரும் வழியை, திறந்துவிட்டுப் போனார். வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ரவுட்டருக்குக் கிடைத்திருந்த இணைய முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும்போது இணைய நிறுவனங்கள் உள்ளே பயன்படுத்துபவை. நம் வாசலைத் திறந்து வைத்தாலும் தெருமுனைக் கதவு பூட்டியிருக்கிறது என்று பொருள். நிலையான ஐ.பி., அதாவது நமக்கென்றே மாறாத பொது முகவரி, வாங்கத் தனிக் கட்டணம்; சங்கத்தில் பணம் இல்லை. ஆகவே ரெக்கார்டரின் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து, தயாரிப்பாளரின் சர்வர் வழியாகப் பார்க்கும் முறைக்கு மாற்றினேன். இதில் ரெக்கார்டரே வெளியே தொடர்புகொள்வதால் போர்ட் வேண்டாம். திறந்திருந்ததையும் மூடினேன்.

ரெக்கார்டரின் கடவுச்சொல்லோ, தொழிற்சாலையில் வைத்தது அப்படியே இருந்தது! 2016-இல் மிராய் என்ற தீநிரல் இத்தகைய அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றில் கேமராக்களும் ரெக்கார்டர்களும் ஏராளம். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை பலருக்குக் கிடைக்காமல் போயின. செயலாளர் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களுக்கு இதுவே என் பதில். பார்க்க மட்டும் அனுமதியுள்ள கணக்கைக் கேட்ட அனைவருக்கும் கொடுத்திருக்கிறேன். பதினேழு நிமிடம் பின்தங்கியிருந்த ரெக்கார்டர் கடிகாரமும் இப்போது இணையத்திலிருந்து தானே சரியாகிக்கொள்கிறது. நேரம் தவறிய பதிவைப் போலீஸாரிடம் கொடுத்து என்ன பயன்?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவைச் சற்று மிஞ்சியிருக்கிறது. 64 வீடுகளில் 23 வீடுகளின் சந்தா நிலுவை. அவர்களில் சிலர் தினமும் கைபேசியில் தெருவைப் பார்க்கிறார்கள் என்பது வருத்தம் தருகிறது. அந்த இணையக் கட்டணத்தை நான் என் கையிலிருந்து கட்டி வருகிறேன்.

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், ஏணி தந்து உதவிய எதிர்வீட்டாருக்கும் நன்றி.

ரெக்கார்டரில் இப்போதுள்ள 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில், ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் வீதம், ஆறு நாள் பதிவுகூட நிற்பதில்லை. பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்புபவர், புறப்பட்ட அன்று நடந்ததைப் பார்க்க முடியாது. பெரிய டிஸ்க் வாங்குவது அடுத்த ஆண்டின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கூட்டம் முடியும்வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.