கேன்டீன் குத்தகையை முதலில் மாற்றுங்கள்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா நான். இடைவேளையில் பிள்ளைகள் வாங்கித் தின்னும் பண்டங்களைப் பற்றி எழுதுகிறேன். பாக்கெட் தீனி கெடுதல் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, காலைக் கூட்டத்தில் நீங்களே சொல்கிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கேன்டீனை யாருக்கு, எந்த நிபந்தனையில் விடுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? அதிக வாடகை தருபவருக்குக் கேன்டீன் போகிறது. அந்த வாடகையை அவர் இடைவேளையிலும் மதியத்திலும் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். சுண்டல் போட வேண்டுமென்றால் முந்தின இரவே கடலையை ஊறவைக்க வேண்டும், காலையில் வேகவைத்துத் தாளிக்க ஆள் வேண்டும், மிஞ்சினால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். சிப்ஸ் பாக்கெட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சரமாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது, கத்தரித்துக் கொடுத்துக் காசு வாங்க ஒரு நொடி போதும். அவர் இடத்தில் யார் இருந்தாலும் பாக்கெட்டைத்தான் விற்பார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தை எழுதுவது நீங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போன ஒரு நாள் இடைவேளை மணி அடித்தபோது கேன்டீன் பக்கமாக நின்றிருந்தேன். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூடப் பத்து ரூபாய் நோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முண்டியடிக்கிறார்கள். ஒரு சிறுமி மசாலா சிப்ஸை முடித்துவிட்டு, விரலில் ஒட்டிய ஆரஞ்சுத் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வரிசையில் வந்து நின்றாள். பசி. ஏழு மணிக்கே வேன் வந்துவிடுகிற வீடுகளில் பாதிப் பிள்ளைகள் ஒரு டம்ளர் பாலோடு கிளம்புகிறார்கள். அவர்களுக்கு அந்த இடைவேளைதான் காலைச் சாப்பாட்டு நேரம். நாம் அந்த நேரத்தில் உப்பையும் எண்ணெயையும் கொடுத்து அனுப்புகிறோம்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் கிச்சடியும் காலையிலேயே கிடைக்கின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அது. 1982இல் விரிவாக வந்த சத்துணவில் இன்று முட்டையும் பயறும் உண்டு. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அளவு அக்கறைகூட இல்லையா என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்றே விதிமுறைகளை வெளியிட்டது. கெட்ட கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலோ விடுதியிலோ, வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. அவற்றின் விளம்பரமும் கூடாது. 2025 மே மாதம் மத்தியக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ, எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் சர்க்கரைப் பலகையைத் தன் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் பலகைக்குப் பக்கத்திலேயே கோலா விற்றால் பிள்ளை எதை நம்பும்? அந்த வகைக் குளிர்பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றில் ஐந்தாறு தேக்கரண்டி ஆகிவிடும். காஃபின் கலந்த எனர்ஜி பானங்கள் இன்னும் மோசம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அந்தப் பாட்டிலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

சரி, என்ன விற்கலாம்? அவித்த வேர்க்கடலை, சுண்டல், கொழுக்கட்டை, இட்லி, அவல், மோர். பழத்தை வெட்டி வைக்க வேண்டாம், ஈ மொய்க்கும். வாழைப்பழம், கொய்யா, நெல்லிக்காய் என்று முழுசாகவே கொடுக்கலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எனக்குப் பிடிக்கும், சிப்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் வெல்லமும் சர்க்கரைதான், அளவாக இருக்கட்டும். ‘சிறுதானியம்’ என்று பெரிதாகப் போட்டு வரும் பிஸ்கட்டுகளில் மட்டும் கவனம் வையுங்கள். சேர்பொருள் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். முதலில் மைதாவும் அடுத்து சர்க்கரையும் இருந்தால் அது பழைய பிஸ்கட்டேதான்.

காசு போட்டால் பாக்கெட் விழும் இயந்திரம் வைக்க நினைக்கும் பள்ளிகளுக்கும் இதையே சொல்வேன். பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, மசாலா மோர், தண்ணீர் பாட்டில் இவற்றைக் கொண்டே அதை நிரப்ப முடியும். எதை நிரப்புவது என்பதை நிறுவனத்தின் கையில் விட்டால் கண்ணாடிக்குள் மறுபடியும் சிப்ஸும் கோலாவும்தான் வரும்.

அடுத்த ஆண்டுக் குத்தகையை விடுமுறையில்தான் பேசுவீர்கள். அப்போது வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வாடகையே வேண்டாம், இடமும் மின்சாரமும் பள்ளி தரட்டும். அதற்குப் பதிலாக விற்கக்கூடிய பண்டங்களின் பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மணி அடிக்கும் முன்பே சுண்டலைத் தொன்னையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரிசை நகராது. முதல் நாலு நாள் சுண்டல் மிஞ்சும். அப்போது கேன்டீன்காரர் பழையபடி பாக்கெட் கேட்டு வருவார். முதல் பருவம் முடியும்வரை அந்த நஷ்டத்தில் பள்ளி பங்கெடுத்தால் அவர் நிற்பார். வாடகை குறைவதால் துண்டு விழும் என்றால் எங்களிடம் கேளுங்கள். பஸ் கட்டணமும் சீருடைக் கட்டணமும் கட்டுகிற எங்களுக்கு இது பெரிய தொகையாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

வாசலில் இருக்கும் பெட்டிக்கடைகளை இந்த மடலில் நான் தொடவில்லை. அது உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. உள்ளே இருப்பது முழுக்க உங்கள் கையில். ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில், புதிய பட்டியலைக் கேன்டீன் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் அம்மா