காலை நடையும் அறிவியல் நூல்களும்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். காலையில் அரை மணி நேரம் நடக்கக்கூட மனம் வருவதில்லை என்று தொலைபேசியில் நீ சொன்னது முதல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு மன உறுதி போதவில்லை என்று நான் எண்ணவில்லை. நடக்கும்போது உடலுக்குள் நிகழ்வது என்னவென்று அறிந்துகொண்டால், அந்த ஆவலே உன்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும் என்பது என் நம்பிக்கை.

ஓய்வு பெற்ற பிறகு நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்த அறிவியல் நூல்கள்தாம் என் நடையை இன்றுவரை விடாமல் காத்துவருகின்றன. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டியவர்களைவிட, படியேறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்திருந்தது. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்று ஐயுற்று, இரு சாராரின் சீருடை அளவுகளையும் தேடிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே கூடுதலாக இருந்ததைக் கண்டு, தம் முடிவுக்கு இடையூறான அச்செய்தியையும் 1956-இல் வெளியிட்டார். அறிவியல் வாசிப்பில் என்னை மிகவும் கவர்வது இந்த நேர்மைதான்.

நம் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு என்பதால் இன்னொன்றையும் நீ அறிந்திருக்க வேண்டும். தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோஸை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்கள், இன்சுலினின் தூண்டுதல் இல்லாமலேயே தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இதைப் படித்த மறுநாள் நடந்தபோது என் கெண்டைக்கால்களின் மீது எனக்குப் புதியதொரு மரியாதை பிறந்தது. எடையற்ற விண்வெளியில் எலும்பும் தசையும் நலிந்துவிடாதிருக்க, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வாழ்பவர்களும் நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு; வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விரைந்து நடந்தாலே அது நிறைவேறிவிடும். நடந்து வந்ததும் கைப்பேசியை எடுக்காமல் நான்கு பக்கமாவது படி. மனித உடலைப் பற்றிய எளிய நூல் ஒன்றை இந்த வாரம் அஞ்சலில் அனுப்புகிறேன். இதயத்தைப் பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டு, உனக்கு எழும் கேள்விகளை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா