பொகவந்தலாவைத் தங்கச்சிக்கு, உன் பூனைக்குட்டியைப் பற்றி

அன்புள்ள தங்கச்சி,

குட்டியைக் கொண்டுபோய் டவுன் மார்க்கெட்டில் விட்டுவிடச் சொல்லி மாமியார் நச்சரிப்பதாக போனில் சொன்னாய். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதே. மூன்று மாதக் குட்டி. இந்த மழையிலும் குளிரிலும், தெருநாய்களுக்கு நடுவே அது பிழைக்காது.

நீ அதை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது ரொம்ப சரி. உங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாயையே சிறுத்தைப் புலி தூக்கிக்கொண்டு போகிறது, குட்டி எம்மாத்திரம்? ஆனால் கதவைச் சாத்திவிட்டால் அதற்குள் இருக்கிற வேட்டை அடங்கிவிடாது. தேயிலைக்குள் எலியையும் வெட்டுக்கிளியையும் துரத்த வேண்டியது, துரத்த வேறொன்றும் இல்லாததால் உன் கணுக்காலையும் ஜன்னல் திரையையும் பிடிக்கிறது. மாமியார் அதைச் சேட்டை என்கிறார். எனக்கு அது பசி மாதிரிதான் தெரிகிறது. வெளியே போகவிடாமல் வைத்திருக்கிற நாம்தான் அதைத் தீர்த்து வைக்க வேண்டும்.

நீ பாடசாலைக்குப் போனதும் பகல் முழுக்கத் தூங்குகிறது. பூனைக்கு உடம்பு முறுக்கேறுவதே விடியலிலும் அந்தியிலும்தான். நீ களைத்து வந்து உட்காரும் நேரமும் அதுவாகப் போய்விட்டது. அந்த நேரத்தில் அதற்குப் பத்து நிமிடம் கொடு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிளாறில் நீளமான ஒரு குச்சியை எடுத்து, நுனியில் பழைய சேலைத் துண்டை இறுக்கிக் கட்டு. அதன் முகத்துக்கு நேரே ஆட்டாதே. எந்த எலியும் பூனையைத் தேடி ஓடி வராது. துணியைத் தரையோடு விலக்கி இழு, நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறை, அசையாமல் நிறுத்து. கண்மணி விரிந்து கண்ணே கறுத்துப் போகும். வயிறு தரையைத் தொடும், பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடும், அப்புறம் ஒரே பாய்ச்சல். அடிக்கடி பிடிக்க விடு. கடைசியில் வேகத்தைக் குறைத்து, நன்றாகப் பிடித்துக் கடிக்க விட்டு, உடனே சாப்பாட்டை வை. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்குவது, தூக்கம் என்பதுதான் பூனையின் ஒழுங்கு. நீ படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை இதையே செய்தால், விடிகாலையில் உன் கால் விரலைத் தேடி வருவது குறையும்.

உன் வீட்டுக்காரர் டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் ஓட்டுகிறாராமே, அது வேண்டாம். வெளிச்சம் கைக்கு அகப்படாது, குட்டிக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். கடித்தால் வெடுக்கென்று இழுக்காதே, இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் இறுக்கும். கையை அசைக்காமல் வைத்து, அது விட்டதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடு. கொஞ்ச நேரம் கழித்து வந்து குச்சியைக் காட்டு. நான்கு மாதத்தை ஒட்டிப் பால்பல் விழத் தொடங்கும், அப்போது கடி கொஞ்சம் கூடும். பொறுத்துக்கொள். வீட்டில் யாரும் அதை விளக்குமாற்றால் அடிப்பதை எப்படியாவது நிறுத்து. அடிபட்ட குட்டி மனிதரைப் பார்த்துப் பயப்படும், பயந்த பூனைதான் நிஜமாகவே கீறும்.

சோபாவைப் பிறாண்டுகிறதா? விறகுக் கட்டை ஒன்றில் சாக்கைச் சுற்றி, தும்புக் கயிற்றால் இறுக்கி, ஆடாதபடி சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்து. முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்டுகிற உயரம் இருக்க வேண்டும்.

தையல் மெஷின் நூலை இன்றே பெட்டிக்குள் போட்டுப் பூட்டு. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் பார்த்திருப்பதால், வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்து, அறுத்தும் விடும். நூல் வாயிலோ பின்னாலோ தொங்கினால் இழுக்கவே கூடாது, நேரே மிருக வைத்தியரிடம் போ. பூச்சாடியில் லில்லிப் பூவும் வேண்டாம், அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

விசர்நாய்க்கடி நோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி போடும் வயது வந்துவிட்டது. ஆறு மாத வயதுக்குள் கருத்தடைக்கும் வைத்தியரிடம் பேசி வை. வெளியிலிருந்து வரும் பூனையோ நாயோ யாரையாவது கடித்தால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை மாமியாருக்கும் சொல்லி வை.

ஊசிக்குத் திகதி கிடைத்ததும் எனக்கு எழுது. மூடி போட்ட கூடை என்னிடம் இருக்கிறது, நானே கொண்டுவந்து கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா