சொல் கேட்கும் பிள்ளை

டிக்கோயா, இலங்கை
2025 ஜூன் 24

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உறையின் ஒரு மூலை மழையில் ஊறியிருந்தாலும் உள்ளே எழுத்து கலையவில்லை. மூன்று தடவை படித்துவிட்டேன். கைபேசியில் பேசிக்கொள்கிற காலத்திலும் நீ பேனா எடுத்து எழுதுகிறாய். அதற்காகவே உனக்கு ஆறுதலாகப் பதில் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

இங்கே மே மாதக் கடைசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி. கோயிலுக்கு ஏறும் படிகளில் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள், மற்றபடி சுகம். நீங்கள் இருந்த பணிய லயம், அந்தக் கீழ் வரிசை வீடுகள், அப்படியே நிற்கிறது. உங்கள் காம்பரா அறையில் வேறு குடும்பம் இருக்கிறது. வாசலில் நீ நட்ட கொய்யா மரம் போன வருடம் காற்றில் சாய்ந்தது, ஆனால் அடியிலிருந்து மறுபடி துளிர் விட்டிருக்கிறது. தோட்டத்து நாட்கூலி 2024இல் 1350 ரூபாய்க்கு வந்தது, தொழிலாளர் கேட்டதோ 1700.

உன் கடிதத்தில் இரண்டு காரியம் கேட்டிருந்தாய். கோத்தகிரியில் உன்னோடு வேலை பார்த்தவர் கேட்ட கேள்வி ஒன்று: "உங்கள் இயேசு பிதாவுக்குக் கீழ்ப்படிகிறார் என்கிறீர்கள். கீழ்ப்படிகிறவர் சின்னவர்தானே, அவர் எப்படிக் கடவுளுக்குச் சமமாவார்?" அவருக்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். பிறகு நாலு வரி இடம் விட்டு, மகனைப் பற்றி எழுதியிருந்தாய். தேயிலை வேண்டாம், திருப்பூருக்குப் போகிறேன் என்று நிற்கிறான், சொல் கேட்பதில்லை, அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன் என்று. நீ இவற்றை இரண்டாக எழுதினாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. கீழ்ப்படிந்தால் ஒருவன் சின்னவனாகிவிடுகிறானா? அந்த நண்பர் கேட்டதும் அதுதான், உன் மகனின் பயமும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வருடம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை நினைக்கிற திரித்துவ ஞாயிறும் தந்தையர் தினமும் ஒரே நாளில், ஜூன் 15இல் வந்தன. திருச்சபை ஆயர்களின் நிசேயா சங்கம் கூடி 1700 வருடம் நிறைவதும் இந்த வருடம்தான். சபைப் போதகரான ஐயர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் பிரசங்கம் என் பொறுப்பாயிற்று. "1700 வருடத்துக்கு முன்னால்" என்று நான் தொடங்கியதும் பல தலைகள் சட்டென்று நிமிர்ந்தன. நம் சனங்களுக்கு அது சம்பளத்தின் எண். அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்சம் நிறுத்தித்தான் பேச்சைத் தொடர்ந்தேன்.

சிறு வயதில் நமக்கு உபதேசியார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கொழுந்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒரே காம்பில் இருப்பதுபோலக் கடவுள் என்றார். கேட்க அழகாக இருந்தது. ஆனால் இலையைக் கிள்ளிவிட்டால் மொட்டு தனியாகிவிடும், ஒவ்வொன்றும் கொழுந்தின் ஒரு பங்குதான். பிதா கடவுளில் மூன்றில் ஒரு பங்கு அல்ல. குமாரனும் அப்படி அல்ல, பரிசுத்த ஆவியும் அப்படி அல்ல. காமன் கூத்தில் ஒரே ஆள் இரண்டு வேடம் கட்டுவதுபோல ஒரே கடவுள் மூன்று வேடத்தில் வந்தார் என்பதும் சரியில்லை. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தான் ஆற்றில் குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. தன்னைத் தானே பார்த்துப் பேசிக்கொள்கிற ஒருவரை அங்கே நான் காணவில்லை. நேசிக்கிறவரும் நேசிக்கப்படுகிறவரும் அங்கே இருக்கிறார்கள். உவமை தேடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

உன் நண்பர் கேட்ட கேள்வி புதிதல்ல என்பதை அவருக்குச் சொல். நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற குரு கேட்டது இதைத்தான். குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று அவர் போதித்தார். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அறிக்கைக்காக அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அவருடைய வாதத்தில் ஒன்று என் மனதில் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. பிள்ளை இல்லாமல் ஒருவர் தகப்பன் ஆக முடியாது. குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்தால், கடவுள் பிதாவாக இல்லாத காலமும் ஒன்று இருந்திருக்கும். உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள் அல்லவா? அவர் தகப்பனாக இருந்தார். படைத்தவர் என்பதற்கும் ஆளுகிறவர் என்பதற்கும் முன்னால் அவருக்கு இருந்த பெயர் அது.

இதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் விளங்கிக்கொண்டேன். காரணம் உனக்குத் தெரியும். என் அப்பா தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி. விடிய முன்னால் தப்பு மேளச் சத்தம், பிறகு ஆட்களை நிறுத்திப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் அப்பாவின் குரல். அதே குரலோடுதான் மாலையில் வீட்டுக்கும் வருவார். எங்கள் காம்பராவும் ஒரு பெரட்டுக் களமாகத்தான் இருந்தது. பிந்திப் போனவனுக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி, எதிர்த்துப் பேசியவனுக்குப் பேரே இல்லை. அவரைக் குற்றம் சொல்ல இன்று எனக்கு மனம் இல்லை. துரைக்கு முன்னால் அவர் எப்படிக் குனிந்து நின்றார் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று சொல்லும்போதெல்லாம், பல வருடம், கையில் தடியோடு நிற்கிற ஒருவரைத்தான் நான் கண்டேன். வாய் ஜெபம் சொல்லும், முதுகு அடியை எதிர்பார்த்து இறுகும்.

உன் அப்பா எனக்கு வேறொன்றைக் காட்டினார். உனக்கு அது நினைவில் இருக்குமோ தெரியாது. நீ முதன்முதலாகக் கவ்வாத்துக்குப் போன வாரம். நான் ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு செடியை வெட்டிக் காட்டினார். ஒரே வெட்டு, சரிவாக, பட்டை கிழியாமல். தண்ணீர் தங்கினால் கொப்பு அழுகிவிடும் என்றார். பிறகு உன் பின்னால் வந்து நின்று, கத்தி பிடித்திருந்த உன் கையின் மேல் தன் கையை வைத்து வெட்டினார். அடுத்த செடியில் அவர் கையை எடுத்துவிட்டார். நீ வெட்டினாய், தப்பாக வெட்டினாய். அவர் சத்தம் போடவில்லை, அடுத்த செடிக்கு நகர்ந்தார், நீயும் அவர் கையைப் பார்த்தபடியே நகர்ந்தாய். எனக்கு அன்று வந்த பொறாமையை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

யோவான் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தால் எனக்கு அந்த மலைதான் கண்ணில் வருகிறது. பிதா செய்யக் காண்கிறதையே குமாரன் செய்கிறார் என்று அங்கே இருக்கிறது. அடுத்த வசனத்தில் காரணமும் இருக்கிறது: பிதா குமாரனிடத்தில் அன்பாயிருந்து, தாம் செய்கிறவைகளையெல்லாம் அவருக்குக் காண்பிக்கிறார். ஒளித்து வைத்துக்கொண்டு ஏவுகிற எசமான் அல்ல அவர். தன் கைவேலை முழுவதையும் திறந்து காட்டுகிற தகப்பன். அவரைப் பார்த்துச் செய்கிற மகன் எப்படிச் சின்னவனாவான்? அன்று நீ உன் அப்பாவைப் பார்த்து வெட்டியபோது உன்னை யாரும் கூலி என்று நினைத்திருக்கமாட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தவனுக்கே நீ அவர் மகன் என்று தெரிந்தது.

நம் தமிழிலேயே இது இருக்கிறது. பிள்ளை கீழ்ப்படிகிறான் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, சொல் கேட்கிறான் என்றுதான் சொல்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லிலும் கீழ்ப்படிதலுக்குள் கேட்டல்தான் இருக்கிறதாம். கேட்பதற்கு முன்னால் ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலை நம்ப முடிய வேண்டும். யோர்தானில் பிதா சொன்ன முதல் வார்த்தை கட்டளை அல்ல: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." இயேசு அதுவரை ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை. பேர் போடுவதற்கு முன்னாலேயே முழுச் சம்பளம் கொடுத்த மாதிரி. அவருடைய கீழ்ப்படிதல் எல்லாம் அந்த வார்த்தைக்குப் பிறகுதான் வருகிறது. நம்மிடமும் "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்றுதான் அவர் கேட்டார். கற்பனை என்றால் இங்கே கட்டளை.

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் 1974ஐ விட்டுவிட்டு உனக்கு இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. தோட்டத்துத் தமிழரை இரண்டு நாடுகளுக்கும் பங்கிட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் உங்கள் குடும்பத்தின் பெயர் இந்தியாப் பட்டியலில் வந்தது. உனக்குப் பதினேழு வயது, போகமாட்டேன் என்று என் மடியில் விழுந்து அழுதாய். அட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார்க் கோச்சி (ரயில்) ஏறும்போது உன் அப்பா உன்னை அதட்டவில்லை. "எனக்கும் போக மனசில்லை, தம்பி" என்றார். அப்போதுதான் நீ அவருடைய பெட்டியைக் கையில் எடுத்தாய். அழுதபடியே ஏறினாய். நீ அன்று ஏறியது பயத்தால் அல்ல, அது எனக்குத் தெரியும். கீழ்ப்படிந்தவன் மட்டுமா அன்று நொந்தான்? "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்ட மகனின் வேதனையில் பிதாவுக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால், நான் அந்த ஸ்டேஷனை நினைத்துக்கொள்கிறேன். உவமை வேண்டாம் என்று மேலே எழுதியவன்தான் இதைச் சொல்கிறேன். இது விளக்கம் அல்ல. அந்த இடத்தில் நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்து ஜெபத்திலும் இயேசு கூப்பிட்டது "அப்பா" என்றுதான். அவர் வாயிலிருந்த அரமேயச் சொல்லைச் சுவிசேஷம் எழுதிய மாற்கு அப்படியே வைத்தார், நம் மொழிக்கு வந்தபோது அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. லயத்தில் பிறந்த குழந்தை முதலில் சொல்கிற சொல்லும் அதே சொல். ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார்: "திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்." புத்திரசுவிகாரம் என்றால் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது. பெரட்டுக் களத்தில் வளர்ந்த எனக்கு அந்த வசனத்தின் முன்பாதியும் தெரியும், பின்பாதியும் இப்போது தெரியும். பரிசுத்த ஆவியானவரைப் பற்றி என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: குமாரன் பிதாவைக் கூப்பிடுகிற அதே கூப்பிடுதலை அவர் நம் வாயில் வைக்கிறார். திரித்துவம் தூரத்திலிருந்து பார்த்து வியக்கிற புதிர் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது நம்மை உள்ளே கூப்பிடுகிற வீடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூ எடுத்துத் தங்கள் அப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு சிறுமி பூவை வைத்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டாள். அப்பா இறந்துவிட்டார், அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், அப்பாயிதான் வளர்க்கிறாள். ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். எங்களில் ஒருவரும் இதை யோசிக்கவில்லை, அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவள் சுற்றிப் பார்த்தாள், பிறகு போய் அந்தப் பூவை ஆராதனை மேசையில் வைத்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மாலை கொழும்பிலிருக்கிற என் மகனுக்குப் பேசினேன். அவன் ஆசிரியராக வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதமும், அவன் போன பிறகு எட்டு மாதம் நான் பேசாமலிருந்ததும் உனக்குத் தெரியும். என் அப்பாவின் குரல் என் தொண்டையிலிருந்து வந்ததை அவன் சிறு வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பான்! அன்று நான் புத்தி சொல்லவில்லை. அவன் வேலை என்ன, முதலாளி எப்படி, மத்தியானம் எங்கே சாப்பிடுகிறான் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் அவனே பேசினான். கடைசியில் "அப்பா, மழையில் வெளியே போகாதீர்கள்" என்றான். கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

நீயும் உன் மகனோடு பேசு. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்பது பிள்ளைகளுக்கான கட்டளைக்கு அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. நாம் முதல் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். திருப்பூருக்குப் போவது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நீ சொல்வதுதான் சரியாக இருக்கலாம். ஆனால் உனக்குப் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் உன் அப்பா இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. மழை விட்டதும் அவனையும் கூட்டிக்கொண்டு வா. நீ கத்தி பிடித்த அந்த மலையில் இந்த வருடம் மறுபடி கவ்வாத்து. உன் அப்பாவின் கத்தி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது. வீட்டில் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன் அன்புள்ள,
மேட்டு லயத்து நண்பன்