இடது கையையும் படம் பிடியுங்கள்: ஹவாய்க்கு ஒரு திறந்த மடல்

ஹவாய் மாநிலக் கல்வித் துறையினருக்கும், ஹொனலுலுவில் இசை ஆவணங்களைக் காத்து வருபவர்களுக்கும், ஸ்டீல் கிட்டார் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். இதன் ஆங்கில வடிவத்தைத் தனியாக அனுப்புகிறேன். முதலில் தமிழில் எழுதுவதற்குக் காரணம், மடியில் கிட்டாரைக் கிடத்திப் பழகுகிற தமிழர்கள் அங்கங்கே சிலர் இருக்கிறோம், அவர்களும் இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்க வேண்டும் என்பதுதான்.

ஸ்டீல் கிட்டாரில் தந்தியை விரலால் அழுத்துவதில்லை, ஓர் உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தித்தான் வாசிப்போம். அதில் வரும் ஸ்லாண்ட், அதாவது சாய்வு, பற்றித்தான் எழுதுகிறேன். தந்திகளுக்குக் குறுக்கே நேராக வைக்க வேண்டிய உருக்குத் துண்டை, அதாவது பாரை, சாய்த்துப் பிடித்து ஒரு தந்தியை ஒரு மெட்டிலும் (ஃப்ரெட்டிலும்) பக்கத்துத் தந்தியை இன்னொரு மெட்டிலும் ஒலிக்க வைக்கிற வித்தை. பாரின் நுனி, தந்திகளைத் தாங்கும் குதிரைப் பக்கம் திரும்பினால் முன்சாய்வு, தலைப்பக்கம் திரும்பினால் பின்சாய்வு.

இது எதற்கு என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள், அவர்களுக்காக ஒரு கணக்கு. சங்கராபரணத்தை இரண்டு குரலில், ஒவ்வொரு ஸ்வரத்தோடும் ஒன்று விட்டு மேலே உள்ள ஸ்வரத்தைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ச-க, ம-த, ப-நி மூன்றும் நான்கு மெட்டு இடைவெளி. ரி-ம, க-ப, த-ச, நி-ரி நான்கும் மூன்றே மெட்டு. சி6 என்று ஸ்டீல் கிட்டாரில் பரவலாக வழங்கும் சுருதி சேர்க்கையில், அதாவது ட்யூனிங்கில், முதல் இரண்டு தந்திகளுக்குள் உள்ள இடைவெளி நான்கு. அந்தச் சோடியிலேயே வாசிப்பதென்றால் ஏழில் மூன்று இடங்களில்தான் பார் நேராக நிற்கும். மற்ற நான்கு இடங்களிலும் சாய்த்தாக வேண்டும். வீணைக்காரர் ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு மெட்டில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு உலோகத் துண்டு.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் பதிவு ஒன்றில் வரும் ஒரு சின்ன இறக்கத்தை வேகம் குறைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். மேலே ஏ-ஃப்ளாட், கீழே எஃப். அங்கிருந்து ஜி, ஈ-ஃப்ளாட். ஸ்வரத்தில் சொன்னால் ரி-ம சோடியிலிருந்து ச-க சோடிக்கு இறங்குவது, அவ்வளவுதான். முதல் சோடியை முதலிரண்டு தந்திகளில், ஐந்தாவது மெட்டின் பக்கத்தில், பின்சாய்வில் பிடித்தேன். கட்டைவிரல் பாரின் பின்முனையில் போய் உட்கார வேண்டும், சுட்டுவிரல் நுனியைக் கவ்வ வேண்டும், முழங்கை வெளியே விலக வேண்டும். எட்டு மாதம் பழகினேன். கால் கிலோவுக்குக் கனக்கிற பார் இரண்டு தடவை நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. ஸ்வரம் சரியாகத்தான் விழுந்தது, ஆனால் அந்த வழுக்கல் மட்டும் பதிவில் இருப்பதுபோல் வரவே இல்லை.

அப்புறம் ஒரு நாள், ஒரு வயதான கலைஞர் வாசிப்பதை யாரோ மாடிப்படியில் நின்று எடுத்த வீடியோ கிடைத்தது. எடுத்தவருக்கு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதனால் அந்தக் கலைஞரின் இடது கை மேலிருந்து பளிச்சென்று தெரிந்தது. அதே இறக்கம். அவர் இரண்டாவது, மூன்றாவது தந்திகளில் எட்டாவது மெட்டில் பாரை நேராகவே வைத்திருந்தார்! அங்கிருந்து இறங்கும்போது கீழ்த்தந்தி ஆறுக்கும் மேல்தந்தி ஏழுக்கும் போக, பார் வழியிலேயே மெல்ல முன்சாய்ந்து நின்றது. ஒரு குரல் இரண்டு மெட்டு வழுக்குகிறது, மற்றது ஒரே மெட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேருகின்றன. நான் எட்டு மாதம் தேடிய வழுக்கல் அதுதான். பதினைந்து விநாடிப் படத்தில் முடிந்துபோன விஷயம்.

என் கோரிக்கையும் அந்தப் பதினைந்து விநாடியிலிருந்து வந்ததுதான். ஒலிகளை நீங்கள் நன்றாகவே காத்திருக்கிறீர்கள். கையைத்தான் காக்கவில்லை.

தாளில் எழுதி வைத்தால் போதாதா என்றால், போதாது. எந்தத் தந்தி, எந்த மெட்டு என்பதை எண்களாக எழுதிவிடலாம். பார் எப்போது திரும்பத் தொடங்கியது, எந்த விரல் தள்ளியது, நடுவில் மாட்டிக்கொண்ட தந்தியை எப்படி அடக்கினார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. சாய்வின் கோணமும் இடத்துக்கு இடம் மாறும். இருபத்திரண்டரை அங்குலத் தந்தி நீளம் உள்ள கிட்டாரில் முதல் மெட்டு இடைவெளி சுமார் 32 மில்லிமீட்டர். பன்னிரண்டாவதைத் தாண்டியதும் அது பாதியாகி 16-க்கு வந்துவிடும். தந்திக்கும் தந்திக்கும் நடுவிலோ ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆக, தலைப்பக்கத்தில் பக்கத்துத் தந்திகளில் ஸ்லாண்ட் போட நினைத்தால் பார் தந்திகளின் மேல் படுத்தே விடும். மேலே போகப் போகத்தான் கை நிமிரும். ஒரு தந்தி விட்டு அடுத்த தந்தியைப் பிடித்தால் கோணம் இன்னும் இளகும், ஆனால் நடுத்தந்தி அரை மெட்டில் தொங்கும், அதை மீட்டாமல் தாண்ட வேண்டும். இதெல்லாம் கை கற்றுக்கொள்கிற பாடம். பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இந்தக் கருவி உங்கள் மண்ணில் பிறந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாஇயே ஊர்ப் பையன் ஜோசப் கெகூகு, 1889 வாக்கில் கமேஹமேஹா பள்ளியில் படிக்கும்போது சீப்பு, கத்தி முதுகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தந்தியில் உரசிப் பார்த்து, கடைசியில் பள்ளிப் பட்டறையில் ஒரு உருக்குத் துண்டைச் செய்துகொண்டார் என்பார்கள். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க இந்த ஒலிக்குப் பைத்தியம் பிடித்தது. 1932-இல் கடைக்கு வந்த ரிக்கன்பேக்கர் ‘ஃப்ரையிங் பேன்’, மின்சார கிட்டார்களில் மூத்தது, மடியில் வைத்து வாசிக்கிற ஸ்டீல்தான். இத்தனை இருந்தும் 2015-இல் மாநிலத்தின் நவீன இசைக்கருவி என்று நீங்கள் சட்டம் போட்டது உகுலேலே என்ற நான்கு தந்திச் சின்னக் கருவிக்கு. அது 1879-இல் போர்ச்சுகலின் மதேரா தீவுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கருவியின் வாரிசு. உகுலேலே மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுப் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டீர்களே என்றுதான் இருக்கிறது.

ஸ்லாண்ட் ஏன் ஒதுங்கியது என்பதும் தெரிந்த கதைதான். ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றி வாசித்த ஒரு பாட்டு 1954-இல் வெளிவந்து, அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) இசையின் தலைநகரான நாஷ்வில்லைப் புரட்டிப் போட்டது. பார் நேராகவே இருக்கலாம், கால் பார்த்துக்கொள்ளும். தந்திகள் பத்தாயின, பார் நீண்டது, கனத்தது, சாய்ப்பதற்கு அவசியமும் இல்லை, வசதியும் இல்லை. ஓஹையோவில் பிறந்த ஜெரி பேர்ட் மட்டும் பெடல் பக்கம் போக மாட்டேன் என்று நின்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹொனலுலுவுக்கே குடிவந்து, 2005-இல் இறக்கும்வரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆலன் அகாகா போன்றவர்கள் அவரிடம் கற்று இன்று மற்றவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம், எல்லோரும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. சன்ஸ் ஆஃப் ஹவாய் குழுவின் டேவிட் ‘ஃபீட்’ ராஜர்ஸ் தன் குடும்பத்து ட்யூனிங்கை வெளியே சொல்லவில்லை என்பார்கள். அது அவர்கள் வழக்கம், நான் குறை சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர் வித்வான்களிடமும் அது உண்டு. ஆனால் சொல்லத் தயாராக இருப்பவர்களையும் நாம் கேட்காமல் விட்டால் அது வேறு கதை.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், எங்களிடமும் வழுக்கி வாசிக்கிற கோட்டுவாத்தியம் இருக்கிறது. மெட்டே கிடையாது, மேலே ஓர் உருளை நகரும். ஆனால் எங்களுக்கு வேண்டியது ஒற்றைக் குரல் ராகம், அதனால் உருளையைச் சாய்க்க வேண்டிய தேவையே வரவில்லை. உங்கள் கிட்டார் கல்கத்தாவுக்கு வந்து, பிரிஜ் பூஷண் காப்ரா போன்றவர்கள் அதில் ராகம் வாசித்தபோதும் கமகம் வளர்ந்தது, இரட்டைக் குரல் வளரவில்லை. ஆகவே எங்களைப் பார்த்து ஸ்லாண்டை மீட்டுக்கொள்ள முடியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

கேட்பது பெரிய தொகை இல்லை. இன்று வாசிக்கிற மூத்தவர்களை உட்கார வைத்து, கழுத்துக்கு நேர் மேலே ஒரு கேமரா, தோளுக்குப் பின்னால் இன்னொன்று. முதலில் முழு வேகத்தில், பிறகு மெதுவாக. படத்தோடு ட்யூனிங், தந்திகளின் தடிமன், தந்தி நீளம், பாரின் அளவு நான்கையும் எழுதி வையுங்கள். பாதிப் பேர் ட்யூனிங்கை மட்டும் கேட்டுவிட்டுப் பாரை மறந்துவிடுகிறார்கள். குட்டையான, மெல்லிய பாரில் வருகிற பின்சாய்வு தடித்ததில் வராது. ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். ஸ்லாண்டை மூன்றாம் வருஷத்துப் பாடமாக ஒத்திப் போடாதீர்கள். நேராகவே வைத்துப் பழகிய மணிக்கட்டு அப்புறம் திரும்ப மறுக்கிறது, என்னுடையது சாட்சி. பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவி வாங்கித் தர முடியாவிட்டால், சாதாரண கிட்டாரில் தந்தியைத் தூக்கி நிறுத்த ஒரு சின்ன உலோகத் துண்டு போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அந்த மாடிப்படி வீடியோ இப்போது போட்ட இடத்தில் இல்லை, எடுத்துவிட்டார்கள். நல்லவேளையாக ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அவர் யார், எந்த ஊர் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த வரியை, ம-த-விலிருந்து மேலே ஏறுகிற இடத்தை, அவர் வாசிக்கும்போது படம் அறுந்துவிடுகிறது.

இப்படிக்கு,
மடியில் ஸ்டீல் கிட்டாரோடு ஒரு மாணவன்