புதன்கிழமையும் பூட்டு போடாதீங்க

பெங்களூரு எஃப்சி பசங்களுக்கும் கோச் ஜெரார்ட் சரகோசா சாருக்கும்,

உகாதி காலைல உக்காந்து எழுதுறேன். தொண்டை சுத்தமா போச்சு, அம்மா ஏதாவது கேட்டா சைகைலதான் பதில். நேத்து (மார்ச் 29, 2025) ஐஎஸ்எல் ஃபுட்பால் நாக்அவுட்ல, நம்ம கண்டீரவா ஸ்டேடியத்துல மும்பை சிட்டியை 5-0ன்னு அனுப்பி வெச்சீங்கல்ல, அதோட பலன்.

உண்மைய சொல்லிடறேன், பயந்துக்கிட்டேதான் வந்தேன். இதே மாசம் இதே கிரவுண்டுக்கு வந்து 2-0ன்னு அடிச்சிட்டு போன டீம் அது, போன சீசன் கப்பு வேற அவங்களோடது. லீக்ல நாம மூணாவது அவங்க ஆறாவது, சரி, ஆனா ஒரே மேட்ச் நாக்அவுட்ல அதெல்லாம் எவன் பாக்குறான். அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் ஷில்லாங்ல இந்தியா பங்களாதேஷ் 0-0 பாத்து நொந்து போயிருந்தேன்.

சுரேஷ் 9வது நிமிஷமே போட்டுட்டாப்ல. எல்லாரும் குதிக்கிறாங்க, எனக்கு மட்டும் வயித்த கலக்குது. ஏன்னா 2018 ஃபைனல், இதே கண்டீரவா, அன்னிக்கும் சேத்ரி அண்ணா 9வது நிமிஷம்தான் போட்டாரு, அப்புறம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும், கார்னர்லேருந்து மைல்சன் ஆல்வெஸ் ரெண்டு ஹெட்டர், சென்னையின் எஃப்சி 3-2ன்னு ஜெயிச்சிட்டாங்க. வியாசர்பாடில இருக்குற என் சித்தப்பா பையன் இன்னிக்கு வரைக்கும் கல்யாணம் காதுகுத்துன்னு எங்க பாத்தாலும் அதையேதான் ஆரம்பிப்பான்.

எட்கர் பெனால்டியோட ஹாஃப்டைம் 2-0. கூட வந்த எங்க தாத்தா, கௌதம்புராக்காரர், பெலேவுக்கு சிலை வெச்ச ஏரியா, 1962 ஏஷியன் கேம்ஸ்ல தங்கம் ஜெயிச்ச நம்மூர் அருமைநாயகம் பத்தி கேட்டா சோறு தண்ணி இல்லாம பேசுவாரு, அவரு கண்ணாடியை கழட்டி சட்டைப்பைல போட்டுட்டாரு. "இனிமே பூட்டு போட்டுட்டு உக்காந்துருவானுங்க, பாக்க என்னடா இருக்கு"ன்னாரு. நானும் ஆமான்னுதான் சொன்னேன். இந்த ஊர்ல லீட் எடுத்தா பின்னாடி உக்காந்து நகம் கடிக்கிறதுதானே நமக்கு பழக்கம்.

நீங்க உக்காரல!! 62வது நிமிஷம் ரயன் வில்லியம்ஸ் மூணாவது போட்டப்போ தாத்தா பையில கைய விட்டு கண்ணாடிய தொழாவுறாரு, ஏற்கனவே ரன்னிங் ட்ராக் நடுவுல இருக்குறதால கிரவுண்டு தள்ளி இருக்கும், அவருக்கு வெறும் நீலமா ஏதோ ஓடுது அவ்ளோதான், "யார்றா போட்டது, யார்றா"ன்னு என் சட்டைய புடிச்சு உலுக்குறாரு. சேத்ரியோட நாலாவதுக்கு மட்டும் கேக்கல, ஸ்டாண்டே பேர சொல்லுச்சு. நாப்பது வயசு மனுஷன், ரிட்டயர் ஆகி இந்தியா டீமுக்கு திரும்பி வந்து, இங்கயும் போடுறாரு. 83ல பெரேரா டியாஸ், பழைய டீமுக்கு எதிராவே. அந்த அஞ்சாவது எனக்கு நாலாவத விட புடிச்சுது, ஏன்னா அது தேவையே இல்லாத கோல். மூணுலயே மேட்ச் முடிஞ்சுது, அப்பவும் முன்னாடி போனீங்க பாருங்க, அதுக்குதான் இந்த லெட்டர்.

ஆபீஸ் க்ரூப்ல போட்டேன், ஒருத்தனும் கண்டுக்கல. வெள்ளிக்கிழமை சேப்பாக்கத்துல ஆர்சிபி 50 ரன்ல ஜெயிச்சிருச்சு, 2008க்கு அப்புறம் முதல் தடவை அங்க, அந்த போதையே இன்னும் தெளியல அவனுங்களுக்கு. விடுங்க.

கோச் சார், இப்ப செமிஃபைனல், புதன்கிழமை கோவாவோட, இங்க. ஞாயித்துக்கிழமை அவங்க கிரவுண்டு ஃபதோர்தாவுல, ரெண்டு மேட்ச் கோலையும் கூட்டித்தான் முடிவு. ரெண்டு மேட்ச் இருக்கே, வீட்ல சேஃபா ஆடலாம்னு மட்டும் யாராவது சொன்னா கேக்காதீங்க. பின்னாடி உக்காந்தா கார்னர் வரும், கார்னர் வந்தா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். ஒண்ணு போட்டா ரெண்டுக்கு போங்க, ரெண்டு போட்டா மூணுக்கு போங்க, ரெண்டு கோலை நம்பி ஃபதோர்தாவுக்கு போனா எனக்கு தூக்கம் வராது. முன்னாடி போய் ஆடி தோத்தீங்கன்னா திட்ட மாட்டேன், சத்தியமா. சரி, கொஞ்சமா திட்டுவேன்.

புதன்கிழமை அஞ்சு மணிக்கே ஆபீஸ்லேருந்து கிளம்பறேன், தாத்தாவ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போணும்னு மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சாச்சு. அல்சூர்ல கண்ணாடிக்கு கயிறும் வாங்கி தாத்தா கழுத்துல மாட்டி விட்டுட்டேன்.