‘பொசிட்டிவ்’ என்று மட்டும் எழுதித் தராதீர்கள்

திருகோணமலையில் தனியார் லாப் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். லூபஸ் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்கும் வருத்தத்தோடு பல வருடங்களாகக் காலந்தள்ளுகிறவள் எழுதுகிறேன்.

மூதூரிலிருந்து ஒரு அம்மா மகளின் ரிப்போர்ட்டோடு என் வீட்டுக்கு வந்தார். அதில் இருந்தது ஒரே வரி: ‘ஏ.என்.ஏ. பொசிட்டிவ்’. ஏ.என்.ஏ. என்றால் நம் உடம்பின் கலக்கருக்களுக்கே எதிராக இரத்தத்தில் உண்டாகும் அன்டிபொடி (பிறபொருளெதிரி). எத்தனை மடங்கு ஐதாக்கியும் தெரிந்தது, என்ன முறையில் பார்த்தது, ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு இருந்ததோ முழங்கால் நோ மட்டும்தான். “கலியாணம் பேசிற பிள்ளை தங்கச்சி” என்று அழுகிறார். நான் என்ன சொல்ல? டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

லூபஸ்காரர் அநேகமாக எல்லோருக்கும் ஏ.என்.ஏ. இருக்கும், உண்மை. ஆனால் 1:80 அளவில், அதாவது எண்பது மடங்கு ஐதாக்கிப் பார்க்கும்போது, ஒரு வருத்தமும் இல்லாதவர்களிலும் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் அது தெரியும். 1:160 என்றால் ஐந்து பேர் அளவில். தைரொயிட் வருத்தக்காரருக்கும் வரும். 2019இல் வந்த சர்வதேச அளவுகோல்கூட 1:80ஐ வாசற்படியாகத்தான் வைத்திருக்கிறது. மூட்டு, தோல், சிறுநீரகம், மற்ற இரத்தச் சோதனைகள் எல்லாம் பார்த்த பிறகுதான் மிச்சக் கதை. ஆகவே அளவையும் முறையையும் எழுதுங்கள். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் செய்வதென்றால், எந்த லாப் என்பதையும் போடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே லூபஸ் என்று உறுதியானவர்கள் மாதாமாதம் ஏ.என்.ஏ. செய்ய வந்தால், காசை வாங்கிப் போட்டுவிட்டு ஊசி குத்தாதீர்கள். நோய் கூடுகிறதா குறைகிறதா என்று அது சொல்லாது. அதைப் பார்க்க உதவுவது டி.எஸ்.டி.என்.ஏ.க்கு (இரட்டை இழை டி.என்.ஏ.க்கு) எதிரான அன்டிபொடி, எதிர்ப்புச் சக்தியோடு சேர்ந்த இரத்தப் புரதங்களான சி3, சி4, கூடவே சிறுநீரில் புரதம். சிறுநீரகம் தாக்கப்படும்போது பெரும்பாலும் அந்த அன்டிபொடி ஏறும், சி3யும் சி4உம் இறங்கும். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை, அதனால்தான் சிறுநீரை விடக்கூடாது. அந்தச் சோதனை மலிவு, உங்களுக்கு இலாபமும் குறைவு, தெரியும்!

டி.எஸ்.டி.என்.ஏ. எண் முறைக்கு முறை வேறுபடும். போன தடவை ஒரு முறை, இந்தத் தடவை வேறு முறை என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. முறையை மாற்றினால் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், கிளினிக்கில் டொக்டர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு நோயாளி